தூக்கிப் போட்ட உறைகள்

கும்பகோணத்தில் ஒரு பழைய ஸ்டுடியோவின் மாடியில் ஏழு மாதம் வேலை பார்த்தேன். கண்ணாடி நெகடிவ்களைத் தூசி தட்டி, லைட் டேபிளில் வைத்து, கேமராவில் பிரதி எடுத்து, புது உறையில் போட்டு அடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"இதுல என்ன தம்பி இருக்கு? முக்காவாசிப் பேரு போய்ச் சேந்துட்டாங்க" என்றார் ஸ்டுடியோ பெரியவர். அவருடைய அப்பா எடுத்த படங்கள் அவை. சொன்னாரே தவிர, பெட்டிகளை அவர் விற்கவில்லை. மற்ற இடங்களில் அப்படி இல்லை. பிளேட்டை, அதாவது கண்ணாடி நெகடிவை, வெந்நீரில் ஊறப்போட்டுச் சுரண்டினால் படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சு வந்துவிடும், சாமி படத்துக்குச் சட்டம் போட நல்ல கண்ணாடி கிடைக்கும். பிலிம் நெகடிவ் என்றால் வெள்ளி எடுப்பதற்காக எடை போட்டு வாங்கிப் போக ஆள் வருவார். எத்தனை குடும்பங்களின் முகங்கள் இப்படிக் கிலோ கணக்கில் போயினவோ!

தப்பியதையும் எங்கள் ஊர்க் காற்று விடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள் இருக்கும் பட்டுப்புடவையே பூசணம் பூக்கிறது. பிளேட்டின் மேல் இருப்பதோ ஜெலட்டின். ஈரம் பட்டால் உப்பும், பூசணத்துக்கு அது நல்ல தீனி. ஓரங்களில் நீலமும் வெள்ளியுமாக ஒரு பளபளப்பு ஏறும், படத்தில் இருக்கும் வெள்ளி மேலே வருவதால் உண்டாவது அது. பார்க்க அழகாக இருக்கும். கரண்ட் பில்லுக்குப் பயந்து பகலில் ஏசி போட்டு ராத்திரி நிறுத்துவது, போடாமலே இருப்பதைவிட மோசம். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்று பட்டதும் வியர்த்துவிடும். இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

படங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். சடங்கான பெண்ணை நிற்கவைத்து, பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைத்து, தாழம்பூ தைத்த ஜடையும் தெரிகிறமாதிரி எடுத்த படங்கள் மட்டுமே ஒரு பெட்டி நிறைய. எந்தப் பெண்ணும் சிரிக்கவில்லை. பிளேட்டின் மங்கலான பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் முகத்தில் மட்டும் பென்சில் கீறல் தெரியும். டச்சிங் வேலை. அம்மைத் தழும்பையும் கன்னத்துக் குழியையும் பென்சிலாலேயே மூடியிருக்கிறார் பெரியவரின் அப்பா. அச்சுப் போட்ட படத்தில் இல்லாத தழும்பு நெகடிவில் பத்திரமாக இருக்கிறது.

சரி, என் தவறுக்கு வருகிறேன். மூன்றாவது வாரம். ஒரு பெட்டியைத் திறந்தால் உறைகளெல்லாம் பழுப்பேறி, தொட்டால் உதிர்கிற நிலை. அமிலக் காகிதம் பிளேட்டைக் கெடுக்கும் என்று படித்திருந்தேன். நாற்பது பிளேட்டுகளையும் எடுத்து நான்கு மடிப்புப் புது உறைகளில் போட்டு, நீளவாட்டில் நிமிர்த்தி அடுக்கிவிட்டு, பழையதைக் குப்பையில் போட்டேன். சாயங்காலம் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்கா வந்தார். "அதுல நம்பர் இருந்துச்சாடா?" என்று கேட்டார். இருந்தது. பென்சிலில், மூலையில். அந்த எண்ணை வைத்துத்தான் ஸ்டுடியோ பதிவேட்டில் பெயரும் ஊரும் தேதியும் தேட முடியும். குப்பை வண்டி போயிருந்தது.

அவர் திட்டவில்லை. ஸ்ரீபுரந்தான் கதையைச் சொன்னார். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்தில் இருக்கிற ஊர். அந்தச் சிவன் கோயில் நடராஜரைக் கடத்திக்கொண்டு போய் விற்றார்கள். 2008இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் சுமார் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது நம் சாமிதான் என்று காட்டியதில் பெரிய பங்கு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய படங்களுக்கு. 1955இல் தொடங்கிய அந்த நிறுவனம் அடுத்த ஆண்டே கோயில்களைப் படமெடுத்துச் சேர்க்க ஆரம்பித்தது. லட்சத்தைத் தாண்டிய படங்கள். கட்டடத்தையும் சிற்பத்தையும் படிப்பதற்காக எடுத்தவையே தவிர, திருடனைப் பிடிக்க அல்ல. 2014இல் நடராஜர் திரும்பினார். "படம் மட்டும் இருந்து, எந்த ஊர் எந்தக் கோயில்னு எழுதாம விட்டிருந்தா அது ஏதோ ஒரு நடராஜர். அவ்வளவுதான்" என்றார் அக்கா.

1858இல் லினியஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மெழுகு தடவிய காகித நெகடிவில் செய்த வேலை. முன்பெல்லாம் அந்த நீளத்தை நினைத்துத்தான் அதிசயப்படுவேன். இப்போது தோன்றுவது வேறு: இருபத்தொன்றையும் எந்த வரிசையில் ஒட்டுவது என்று மறக்காமல் குறித்து வைத்திருக்கிறாரே மனிதர்!

ஆறாவது மாதம் திருவிடைமருதூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். அவருடைய அம்மாவின் கல்யாணப் படம் இங்கே எடுத்ததாம். வீட்டில் இருந்த ஒரே பிரதி ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. பதிவேட்டைப் புரட்டினோம். பெயர் இருந்தது, தேதி இருந்தது, எண்ணும் இருந்தது. அந்த எண் நான் உறைகளைத் தூக்கிப் போட்ட பெட்டியில் வருகிற எண்.

நாற்பதையும் லைட் டேபிளில் ஒவ்வொன்றாக வைத்தேன். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரிவதால் அவருக்கு முகம் பிடிபடவில்லை. அப்புறம் கம்ப்யூட்டரில் நேராக்கிக் காட்டினேன். மாலையும் கழுத்துமாக எத்தனையோ ஜோடிகள். இரண்டு படங்களில் மட்டும் வெகுநேரம் நின்றார். "மூக்குத்தி இதுதான். ஆனா அம்மாவுக்கு நெத்தி இப்படி இருக்காது."

கடைசியில் இரண்டையுமே பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டார். "வீட்டுல பெரியம்மா இருக்காங்க, காட்டிக் கேக்கறேன்" என்றார். பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதைப் படியிறங்கும்போதுதான் சொன்னார்.