மனநோய்க் கேள்வியில நான் மார்க்ஸை விட்ட இடம்

குற்றவியல் சட்டம் ரெண்டாம் தரம் எழுதித்தான் பாஸ் பண்ணினனான், அதால தம்பி தங்கச்சியவைக்கு இதைச் சொல்லலாம் எண்டு நினைக்கிறன். முதல் தரம் மனநோய்க் கேள்வியைக் கண்ட புளுகத்தில ஸ்கிசோஃப்ரீனியா, டிப்ரெஷன் எண்டு ரெண்டரைப் பக்கம் எழுதித் தள்ளினன், மார்க்ஸ் வரேல்ல. பேப்பரில கேட்டது வருத்தத்தை இல்ல, அந்த நேரத்தில வருத்தம் ஆளை என்ன செய்தது எண்டதை.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 77ஆம் பிரிவை ஆறுதலா வாசியுங்கோ. செயலைச் செய்யிற நேரத்தில, சித்த சுவாதீனம் இல்லாததால, தான் செய்யிறது என்னெண்டு அறிய ஏலாமல் இருக்கோணும், அல்லது அது பிழையெண்டோ சட்டத்துக்கு மாறெண்டோ அறிய ஏலாமல் இருக்கோணும். அந்த 'அல்லது'வுக்கு கோடு போடுங்கோ. வருத்தத்தால தகப்பனைக் காட்டுப்பண்டி எண்டு நம்பி வெட்டினவன் முதல் பாதிக்குள்ள வருவான், வெட்டிப்போட்டு கத்தியை ஒளிச்சு வச்சவனெண்டா கதை வேற, செய்தது பிழை எண்டு தெரிஞ்சிருக்கலாம். இந்த விதிக்கு மூலமான இங்கிலாந்து வழக்கு, மக்நாட்டன் வழக்கு 1843, ரெண்டு வரி காணும், எல்லாரும் பக்கக்கணக்கில எழுதுறவை.

எனக்கு உண்மையா விளங்கினது கிளிநொச்சியில கோட்டில போய் இருந்து பாத்த அண்டைக்குத்தான். கூண்டில நிண்டவருக்கு கேக்கிறதே விளங்கேல்ல, பின்னுக்கு ஆரோ 'விசர்' எண்டு சிரிச்சினம் (அந்தச் சொல்லை பேப்பரில எழுதிப்போடாதேங்கோ), நீதிமன்றம் மனநல வைத்தியரின்ர ரிப்போட் எடுக்கச் சொல்லிச்சுது. அது 77 இல்ல. வழக்கை விளங்கி எதிர்வாதம் செய்ய இப்ப ஏலுமோ எண்ட கேள்வி, அது 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைக்குள்ள வரும். செய்தண்டைக்கு நல்லா இருந்தவருக்கு விளக்கமறியலுக்க வருத்தம் வரலாம், மறுவளமாவும் நடக்கலாம், ரெண்டையும் குழப்பினா முழு விடையும் போச்சு.

அம்மம்மாவுக்கு சொல்லிக் காட்டித்தான் பாடமாக்கினனான். "அப்ப ஆளை விட்டிடுவினமோ பிள்ளை?" எண்டா. நல்ல கேள்வி, கனபேர் எழுதாமல் விடுறதும் அதுதான். 77இல விடுதலை எண்டா வீட்டை போறதில்ல, பாதுகாப்பில வைக்கச் சொல்லி கட்டளை வரும். எண்பிக்கிற பாரமும் எதிரிக்குத்தான் (குற்றம் சாட்டப்பட்டவருக்கு), சான்றுக் கட்டளைச் சட்டம் 105ஆம் பிரிவு, ஆனா நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் எண்ட அளவுக்கு வேண்டாம், கூடிய நிகழ்தகவு (இல்லாததை விட இருந்திருக்கத்தான் வாய்ப்புக் கூட எண்டது) காணும்.

இனி பாஸ்ட் பேப்பர் எடுத்தா முதல்ல சம்பவத் திகதியையும் வழக்கு விளக்கத் திகதியையும் வட்டம் போட்டிட்டு பேனையைத் தூக்குங்கோ, ரெண்டாம் தரம் நான் செய்தது அவ்வளவுதான்.