அம்மாவின் ஸ்லைடுகள்
ஜனவரி மாதம், திருகோணமலை உப்புவெளியில் மாலை ஏழு மணி. லண்டனில் அப்போது மதியம் ஒன்றரை. அம்மாவின் மார்புக் கட்டி பற்றி எங்கள் டொக்டர் சூமில் லண்டன், மும்பை நிபுணர்களிடம் பேசினார். பெயர், அடையாள எண் எல்லாம் நீக்கி, ஸ்கேன் செய்த பயாப்ஸி ஸ்லைடுகளை, அதாவது கட்டியிலிருந்து எடுத்த திசு வைத்த கண்ணாடித் தகடுகளின் படங்களை, முன்பே அனுப்பியிருந்தார்.

சிக்கல் ஹெர்-2 பரிசோதனையில். புற்றுநோய்க் கலங்களில் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கிறதா என்று பார்ப்பது அது. முடிவு 2+. அதை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை செய்தால்தான் அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுஸுமாப் மருந்து அம்மாவுக்குப் பொருந்துமா என்று தெரியும். மூவரும் அதையே சொன்னார்கள். முடிவெடுப்பது எங்கள் டொக்டர்தான். அம்மாவைத் தொட்டுப் பார்த்தவர் அவர். ஆனாலும் எனக்கு அன்றிரவுதான் தூக்கம் வந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டார்: "மத்தியானம் எண்டா, அந்த லண்டன் பிள்ளை சாப்பிட்டிருக்குமோ?"