காட்டில் தனியே தங்கும் இளைஞரிடம் எது மாறுகிறது

காட்டில் தனியாக இருந்தால் தைரியம் வரும் என்பார்கள். வரும்தான், ஆனால் அதற்கு முன்பே ஒன்று போய்விடும்: தவறுக்கு யார் மேலாவது பழி போடும் பழக்கம். அங்கே பழி போட ஆள் கிடையாது.

தீ மூட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழகாதவர் நாலு சருகைக் குவித்து, மேலே கனத்த கட்டையை வைத்து, தீக்குச்சிகளை வீணாக்குவார். சருகு நொடியில் எரிந்து தீரும், கட்டை கறுக்கும், பற்றாது. கட்டை சூடேற நேரம் வேண்டும், அதுவரை சருகுத் தீ நிற்காது. நார்நாராக உரித்த காய்ந்த பட்டை இரண்டு கைப்பிடி. தீக்குச்சிப் பருமனில், பென்சில் பருமனில், கட்டைவிரல் பருமனில் சுள்ளி ஒவ்வொரு கட்டு. இத்தனையும் பக்கத்தில் வந்த பிறகே குச்சியை உரச வேண்டும். ஒடித்தால் சுள்ளி ‘டக்’கென்று முறியணும், வளைந்தால் ஈரம். மழை பெய்திருந்தால் கட்டையைப் பிளக்கலாம், உள்ளே பெரும்பாலும் காய்ந்திருக்கும். ‘குச்சி சரியில்லை’ என்று சலித்தவர், சில தடவை தோற்ற பின் ‘எதை அவசரப்படுத்தினேன்?’ என்று யோசிக்க ஆரம்பிப்பார். என் கணக்கில் அதுதான் மாற்றம்.

அடுத்தது, எது முக்கியம் என்ற வரிசை. உணவில்லாமல் வாரக்கணக்கில் தாங்கலாம், தண்ணீரில்லாமல் சுமார் 3 நாள். குளிரில் நனைந்து கிடந்தாலோ சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. ஆனால் முதலில் கூச்சல் போடுவது வயிறு. அதை அடக்கி, இருட்டுமுன் சருகுப் படுக்கை போட வேண்டும். படுத்து அமுங்கிய பிறகும் 15 செ.மீ. கனம் இருக்கணும். இல்லாவிட்டால் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், விடியற்காலை அது தெரியும்.

1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டு மழைக்காட்டின் மேல் விமானம் சிதறியதில் பிழைத்தவர் 17 வயது யூலியானே கோப்கே மட்டுமே. ஓடை வழியே போனால் மனிதர்களை அடையலாம் என்று தந்தை கற்றுக்கொடுத்திருந்தார். முறிந்த காறை எலும்போடு 11 நாள் தாங்கினார், பின்னாளில் உயிரியலாளரானார். அந்த விபத்து அவரை வளர்த்தது என்று சொல்ல மனம் வரவில்லை, தாயை அதில்தான் பறிகொடுத்தார். காப்பாற்றியது முன்பே கற்றிருந்த பாடம்.

ஆகவே பயிற்சி இல்லாத பிள்ளையைத் தனியே விடாதீர்கள், பயம்தான் மிஞ்சும். தண்டனையாக அனுப்பவே கூடாது. முதல் முறை ஒரே இரவு போதும். விசில் கேட்கும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். மூன்று முறை ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள். காலையும் மாலையும் குறித்த இடத்தில் பிள்ளை ஒரு கல் வைக்கணும். கல் இல்லையென்றால் காத்திருக்காமல் போய்ப் பாருங்கள்.

திரும்பியதும் ‘என்ன கற்றாய்?’ என்று கேட்டால் மனப்பாடப் பதில்தான் வரும். படுக்கையை எத்தனை தடவை மாற்றிப் போட்டாய், ஏன் என்று கேளுங்கள்.