தொட்டாற்சுருங்கி விழிக்கும் நேரம்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

இன்று காலை மகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அவசரத்தில் இழுத்த இழுப்பில் முடிச்சு இறுகிவிட்டது, அவிழ்க்க வரவில்லை. "காலை ஆட்டாம வையேன்" என்று கத்திவிட்டேன். அவள் காலை ஆட்டவே இல்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "ராத்திரி நல்லா பேசுறீங்க. காலைல மட்டும் ஏம்ப்பா கோவமாவே இருக்கீங்க?" என்றாள். ஏழு வயதுக் குழந்தை. என்னிடம் பதில் இல்லை.

அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்ததும் என் காலைப் பொழுதை எழுதிப் பார்த்தேன். அலாரம் 6:30-க்கு. ஸ்னூஸ் போட்டுப் போட்டு எழுவது 7:15-க்கு. எழுந்ததும் கையில் ஃபோன், அதில் பத்து நிமிடம் போய்விடும். மனைவி செவிலியர், காலை ஷிஃப்ட் என்றால் 6 மணிக்கே கிளம்பிவிடுவாள். குழந்தையை எழுப்பிக் கிளப்புவது என் பொறுப்பு. மிச்சமிருக்கும் அரை மணியில் குளியல், சாப்பாடு, தலைவாருவது, பை எல்லாம் நடக்க வேண்டும். அந்த அரை மணியும் என் வாயில் வருவது "சீக்கிரம், சீக்கிரம்" என்ற ஒரே சொல்தான். நேற்றிரவு படுத்தது 12:45.

இதை மாற்றியே ஆக வேண்டும். நடப்பதை அப்படியே எழுதி வைக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

நேற்றும் இன்றும் ஐந்து மணிக்கே எழுந்தேன். படுக்கும் நேரம் மட்டும் மாறவில்லை. நேற்று உற்சாகத்தில் ஓடிவிட்டது. இன்று மதியம் ஒரே பத்தியை நாலு தடவை படித்தும் தலையில் ஏறவில்லை. சாயங்காலம், வழக்கமாகக் காலையில் காட்டும் எரிச்சலை அவளிடம் காட்டினேன். கோபம் காலையிலிருந்து மாலைக்கு மாறியதுதான் மிச்சம்.

பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியும் தூக்க ஆய்வுச் சங்கமும் சேர்ந்து 2015-இல் பரிந்துரைத்தன. நான் தூங்கியது நாலேகால் மணி நேரம். ஐந்து மணிக்கு எழுவதில் தனி மகிமை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சிலருக்கு இயல்பிலேயே சீக்கிரம் விழிப்பு வரும், சிலருக்கு வராது. வயதுக்கும் மரபணுவுக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கு வேண்டியதெல்லாம் அவள் எழுவதற்கு முன் ஒரு மணி நேரம். 6:15 போதும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் 10:45-க்குள் தூங்கியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9, சனி

10:45-க்குப் படுத்தால் தூக்கம் வரவில்லை. மூன்று இரவாக 12:30 வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

காரணத்தைத் தேடிப் படித்தேன். இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையின் அடியில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நியூரான்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். சும்மா விட்டால் அது சராசரியாக 24 மணி நேரத்தைவிடப் பத்து நிமிடம் போலக் கூடுதலாக எடுத்துக்கொண்டு ஒரு சுற்றை முடிக்குமாம். ஆகவே தினமும் அதைத் திருத்தி வைக்க வேண்டும். அதைத் திருத்துவது வெளிச்சம். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும், இரவு வெளிச்சம் பின்னால் தள்ளும். நானோ பல வருடமாக இரவில் முகத்துக்கு நேரே ஃபோன், காலையில் இழுத்து மூடிய திரைச்சீலை என்று இருந்திருக்கிறேன். இரண்டுமே தப்பான திசை.

"இப்போது தூங்கு" என்று உடம்புக்குக் கட்டளை போட முடியாது. எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. எனவே 10:45-ஐ மறந்துவிட்டு, எழும் நேரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்தப் போகிறேன். இன்று 7:00.

ஃபோன் இரவில் கூடத்து மேசையில்தான் இருக்கும். பரணிலிருந்து சாவி கொடுக்கும் பழைய அலாரக் கடிகாரத்தை எடுத்துத் துடைத்து வைத்தேன். படுக்கப் போகுமுன் கிர்ர் கிர்ர் என்று சாவி திருகுவது மகளின் வேலை. அதில் ஸ்னூஸ் கிடையாது.

ஆகஸ்ட் 13, புதன்

6:45. எழுந்துவிடுகிறேன், ஆனால் முதல் இருபது நிமிடம் தலைக்குள் பஞ்சை அடைத்தது போல் இருக்கிறது. யாராவது பேசினால் எரிச்சல் வருகிறது.

இந்தக் கலக்கம் எல்லாருக்கும் வருவதுதான். விழித்த கணமே மூளை முழுதாக விழித்துவிடுவதில்லை. பெரும்பாலும் கால் மணி முதல் அரை மணி, தூக்கம் பாக்கி இருந்தால் இன்னும் அதிகம். இதைத் தெரிந்துகொண்டதில் பெரிய நிம்மதி. நான் இத்தனை நாளும் எழுந்த கையோடு, அந்தக் கலக்கத்திலேயே அவளை எழுப்பிக் கிளப்பிக்கொண்டிருந்தேன். அவள் பார்த்த "காலை அப்பா" பாதி தூக்கத்தில் இருந்த ஆள். ஸ்னூஸ் போட்டு அந்த முக்கால் மணியைத் துண்டு துண்டாகத் தூங்கியதில் ஒரு பலனும் இல்லை.

அதனால் முதல் அரை மணி யாரோடும் பேச்சில்லை, எந்த முடிவும் எடுப்பதில்லை. முகம் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு பால்கனியில் போய் நிற்பேன். அவளுடைய துணி, பை, என் சாவி எல்லாம் இரவே எடுத்து வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்றைய குறிப்பு முழுக்க ஒரு செடியைப் பற்றி.

பால்கனியில் மகள் வளர்க்கும் தொட்டாற்சுருங்கி ஒன்று இருக்கிறது. காலையில் அங்கே நிற்பதால் இப்போதுதான் அதைக் கவனிக்கிறேன். இரவில் இலைகளைக் கூப்பிக்கொண்டு தொங்கும், காலையில் விரிந்திருக்கும். "வெயில் வந்ததும் எழுந்துக்குது" என்றாள் மகள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1729-இல் பிரான்சில் மேரான் என்ற வானியலாளர் இதே மாதிரிச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். வெளிச்சமே படாமல் இருந்தும் அது தன் நேரத்துக்கு விரிந்து, தன் நேரத்துக்குக் கூம்பியதாம்.

மகளிடம் சொன்னேன். நாமும் செய்து பார்க்கலாம் என்று குதித்தாள். நேற்றிரவு தொட்டியைத் துணி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து, கதவிடுக்கில் போர்வையைத் திணித்தோம். காலை எட்டு மணிக்கு இருவரும் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, செடி அதிராதபடி கதவை விரல் அகலம் திறந்தோம். உள்ளே கும்மிருட்டு. மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று செடிமேல் விழுந்தது. சீப்புப் பற்கள் போல ஒவ்வொரு காம்பிலும் இலைகள் முழுதாக விரிந்திருந்தன.

"யார் எழுப்பினா?" என்று கிசுகிசுத்தாள்.

செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது, நமக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். அது செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களில் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது: ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங். அவளுக்குப் பெயர்களில் ஆர்வம் இல்லை. ஈக்கு எப்படி அலாரம் வைத்தார்கள் என்பதுதான் அவள் கேள்வி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

6:15 வந்துவிட்டது. மாலை ஆறு மணிக் காபியை நிறுத்தினேன். குடித்த காஃபீனில் பாதி உடம்பிலிருந்து நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதாவது இரவு பதினொன்றுக்கும் பாதிக் காபி உள்ளே இருந்திருக்கிறது. நேற்று 11:15-க்கு அசந்துவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

நேற்று ஞாயிறுதானே என்று 8:30 வரை தூங்கினேன். இரவு ஒரு மணி வரை கண் மூடவில்லை, இன்று காலை பழைய கதை. வேலை நாளுக்கும் விடுமுறைக்கும் இடையே தூக்க நேரம் இப்படி மாறுவதை டில் ரோன்பெர்க் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 'சமூக ஜெட்லாக்' என்கிறார். பயணமே போகாமல், மேற்கே, கடிகாரம் இரண்டு மணி நேரம் பிந்தி ஓடும் ஊருக்குப் போய்த் திரும்பிய களைப்பு. இனி விடுமுறையிலும் அதிகபட்சம் ஏழு மணி.

வானம் மேகமூட்டமாக இருந்தாலும் காலையில் பால்கனிதான். வீட்டு விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகம் மூடிய வானத்தின் கீழ்கூட ஆயிரக்கணக்கில் கிடைக்கும். நம் கண்ணுக்கு இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் தெரியாது, கடிகாரத்துக்குத் தெரியும்.

செப்டம்பர் 15, திங்கள்

மகளுக்குக் காய்ச்சல். நாலு இரவு மாறி மாறி விழித்திருந்தோம். ஐந்து நாளாகக் காலை நடையில்லை, பால்கனியில்லை. அவள் தூங்கும்போது நானும் தூங்கினேன். அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எல்லாம் போயிற்றோ என்ற பயம் இருந்தது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை கணக்கு வந்தது (பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிய எண்கள் கணித்துச் சொன்னவை). இடையில் ஒருமுறை விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பது அதில் எனக்குப் பிடித்த முடிவு. எனக்கு விட்டது ஐந்து நாள். சரி, இன்று 6:15-க்கு எழுந்தேன். காய்ச்சல் விட்ட நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு இருபது நிமிடம் வெளியே நடந்தேன். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகமாக நடந்தால் அதில் பெரும்பகுதி இந்த நடையிலேயே வந்துவிடும்.

செப்டம்பர் 24, புதன்

மனைவிக்கு இந்த வாரம் இரவு ஷிஃப்ட். நான் நடந்துவிட்டுத் திரும்பும்போது அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அப்புறம் பகலில் தூக்கம் பிடிக்காது என்பதற்காக. எனக்கு மருந்தாக இருக்கும் அதே வெளிச்சத்தை அவள் தவிர்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் குறிப்புகளில் நான் பெருமையோடு எழுதுவது எதுவும் அவளுக்குப் பொருந்தாது. எல்லாரும் சீக்கிரம் எழுங்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வரும்.

படுக்கையறை ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை தைத்து மாட்டினேன். காலையில் நானும் மகளும் பேசுவது இனி பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு.

அக்டோபர் 8, புதன்

ஆகஸ்ட் 4-லிருந்து எண்ணினால் இன்று 66-வது நாள். 6:08-க்குத் தானாக விழிப்பு வந்தது. மனைவியை எழுப்பிவிடாமல் கடிகாரத்தின் பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்தேன். தொட்டாற்சுருங்கி பாதி விரிந்திருந்தது.

7:40-க்கு நான் லேஸைக் கையில் எடுத்ததும் மகள் தடுத்தாள். "நானே கட்டுறேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் முறை சுருக்கு நிற்கவில்லை. இரண்டாம் முறை ஒரு காது பெரிதாகவும் மற்றது கடுகளவாகவும் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தாள், மறுபடி ஆரம்பித்தாள். நாலு நிமிடம் ஆயிற்று. அப்புறம் அடுத்த ஷூவை எடுத்தாள்.