லே கிளம்பும் முன் வீட்டு வாசலில் ஒரு பஞ்சர்

வரும் வெள்ளிக்கிழமை அதிகாலை சேலத்திலிருந்து பைக்கில் லடாக்கில் இருக்கும் லே நகரத்துக்குக் கிளம்புகிறேன். இது இரண்டாவது தடவை. கூடம் முழுக்க சாமான்கள் பரப்பிக் கிடக்கின்றன, அம்மா அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் சமையலறைக்குப் போய் வருகிறார். முதல் தடவை போனபோது, தேவையானதையெல்லாம் வாங்கி அடுக்கிவிட்டால் தயாராகிவிட்டோம் என்று நினைத்திருந்தேன். இந்தத் தடவை வாங்கியது கொஞ்சம்தான், ஆனால் இரண்டு மாதமாக வேலை நடக்கிறது.

காரணம் அந்த முதல் பயணம். மணாலி - லே சாலையில் சர்ச்சு என்ற இடத்தைத் தாண்டி, கட்டா லூப்ஸ் என்று சொல்கிற 21 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த கொஞ்ச தூரத்தில் பின் டயர் பஞ்சர். என்னிடம் புது டியூப் இரண்டு, டயரை நெம்பிக் கழற்றும் லீவர் மூன்று, பம்ப், பேட்ச், பசை எல்லாம் இருந்தன. எல்லாமே கவர் பிரிக்காதவை. வீலைக் கழற்றவே ஒரு மணி நேரம் ஆனது, 15,000 அடிக்கு மேலே ஸ்பேனரை நாலு தடவை திருகினாலே மூச்சு வாங்குகிறது, ஒருவழியாக டியூபை உள்ளே வைத்து டயரை ரிம்மில் ஏற்றும்போது லீவர் நுனி புது டியூபைக் கடித்துவிட்டது. அடுத்த டியூபும் அப்படியே போனது. அந்த வழியாக வந்த ஒரு லாரி டிரைவர் நான் கேட்காமலே வண்டியை ஓரம் கட்டினார், பழைய டியூபையே ஒட்டி அரை மணி நேரத்துக்குள் மாட்டிக் கொடுத்தார், காசு நீட்டியதற்கு வாங்கவே இல்லை. அவர் கை போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் இந்தத் தடவை முதல் வேலையே பஞ்சர்தான். என் வண்டி ஹிமாலயன் 411, ஸ்போக்ஸ் வீல், டியூப் டயர். நாலு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வாசலில் சாக்கை விரித்துப் பின் வீலைக் கழற்றி மாட்டினேன். காற்றை முழுக்க இறக்கினாலும் டயரின் ஓரம் ரிம்மை விட்டு லேசில் நகராது. பக்கத்து வீட்டுத் தம்பியின் பைக்கைக் கொண்டுவந்து, அதன் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் ஊன்றி வண்டியைச் சாய்த்தால் டப்பென்று விட்டுக்கொடுக்கிறது. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. எதிர்ப்பக்க ஓரத்தை முழங்காலால் அந்தப் பள்ளத்துக்குள் அழுத்தி வைத்தால்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கும். அன்றைக்கு இது தெரியாமல் பலத்தைப் போட்டு நெம்பியதால்தான் இரண்டு டியூபும் போயின. டியூபில் கொஞ்சம் காற்று வைத்துவிட்டு மாட்டினால் அது மடங்கி லீவருக்கு அடியில் வராது, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் கடைசி ஒரு சாண் தூரமும் அதிகம் முரண்டு பிடிக்காமல் உள்ளே போய்விடும். முதல் ஞாயிறு ஒன்றே முக்கால் மணி நேரம், நாலாவது ஞாயிறு 35 நிமிடம். அப்புறம் ஒரு நாள் அப்பா டார்ச் பிடிக்க, இருட்டிலும் ஒரு தடவை செய்து பார்த்தேன்.

இப்போது மூட்டைக்கு ஒரே விதிதான்: வீட்டில் ஒரு தடவையாவது கையால் பயன்படுத்திப் பார்க்காத எதுவும் ஏறக்கூடாது. இந்த விதியால் பாதிச் சாமான் கீழே இறங்கிவிட்டது. முதல் பயணத்தில் தூக்கிப்போன பெரிய டூல் பெட்டி போய், என் வண்டியில் உள்ள நட்டுகளுக்குப் பொருந்துகிற ஸ்பேனரும் ஆலன் கீயும் மட்டும் ஒரு துணிப்பையில் சுருட்டி வைத்திருக்கிறேன். கிளட்ச் கேபிள் ஸ்பேர் பையில் இல்லை. பழைய கேபிள் ஓடும் வழியிலேயே புதியதையும் கூடவே ஓட்டி பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டிவிட்டேன். அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றி மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம்.

கட்டி முடித்த முழுப் பாரத்தோடு போன வாரம் கொல்லிமலை போய் வந்தேன். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு, இதைவிட நல்ல சோதனை நம் பக்கத்தில் கிடையாது. பாதி மலை ஏறுவதற்குள் பங்கி கயிறு (ரப்பர் மாதிரி இழுபடும் கயிறு) தளர்ந்து மேல் பை இடப்பக்கம் சரிந்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இழுத்துப் பூட்டும் பக்கிள் வைத்த பட்டைக்கு மாறிவிட்டேன். பின்னால் பாரம் ஏறியதும் ஹெட்லைட் வெளிச்சம் மேலே போய் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது என்பதும் இறங்கும்போது இருட்டிய பிறகுதான் தெரிந்தது, பின் சஸ்பென்ஷனை இரண்டு படி ஏற்றி லைட்டையும் தாழ்த்தினேன். கனமான டூல், டியூப் எல்லாம் கீழே, முடிந்தவரை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில். ரெயின்கோட் எல்லாவற்றுக்கும் மேலே, எந்தப் பையையும் திறக்காமல் கைக்கு வர வேண்டும்.

பெட்ரோல் கணக்கு தனி. அடல் சுரங்கம் (9.02 கி.மீ., 2020 அக்டோபரில் திறந்தார்கள்) தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தாண்டி என்ற ஊர், அங்கேயுள்ள பங்க்கில் அடுத்த பங்க் 365 கி.மீ. என்று போர்டு வைத்திருந்தார்கள். என் டேங்க் 15 லிட்டர். நம் ஊர்ச் சாலையில் தாராளமாகப் போதும், ஆனால் அங்கே பல இடத்தில் முதல் கியர், இரண்டாவது கியரிலேயே ஊர வேண்டியிருக்கும், மைலேஜ் 25-க்கு வந்தால் டேங்க் லேவைத் தொடும்போது காய்ந்துவிடும். அதனால் 5 லிட்டர் கேன். கேனை விளிம்பு வரை நிரப்பக்கூடாது. மேலே போகப்போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், வழியில் வரும் பாராலாச்சா கணவாயில் சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் பலூன் மாதிரி உப்பி நிற்கும், கேனுக்குள்ளும் அதேதான் நடக்கும்.

சாமான் நனையாமல் இருக்க என் தீர்வு தோட்டத்திலிருந்து வந்தது. உர மூட்டைக்குள் இருக்கும் பாலிதீன் உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்து, துணிகளை அதற்குள் போட்டுச் சுருட்டிவிட்டால் ஒரு சொட்டு இறங்காது. கையுறை மட்டும் இரண்டு ஜோடி. வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகள் மதியத்துக்கு மேல் சாலையில் பெருகிவிடும், காலையிலேயே கடந்துவிடுவதுதான் திட்டம், ஆனாலும் எங்காவது நனைவோம். ஈரக் கையுறையோடு அந்தக் குளிரில் பிரேக் பிடிப்பது ஆபத்து.

லடாக்கில் வெளி மாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வாங்கிவிட்டேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் எல்லாம் காகிதத்திலும் உண்டு, சிக்னல் இல்லாத இடத்தில் போனில் இருப்பதைக் காட்ட முடியாது. மணாலி தாண்டிய முதல் இரவு ஜிஸ்பா என்ற ஊரில்தான். சுமார் 3,200 மீட்டர். ஒரே மூச்சில் சர்ச்சு போய் 4,200 மீட்டருக்கு மேலே படுத்தால் தலைவலியும் வாந்தியும் பிடித்துக்கொள்ள நிறைய வாய்ப்பு உண்டு. தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டித் தருகிறார். தாபாவில் சுடுசோறு மட்டும் வாங்கி அதில் பருப்புப் பொடி போட்டுச் சாப்பிட்ட ஒரு ராத்திரிதான் போன தடவை என்னை மறுநாள் வண்டியில் ஏற்றியது, அதனால் அந்த டப்பாவுக்கு இடம் முதலிலேயே ஒதுக்கியாகிவிட்டது.

மிச்சம் இருப்பது இரண்டு வேலை. கேன் மூடியின் வாஷர் லேசாகக் கசிகிறது, நாளைக்கு மாற்ற வேண்டும். செயினுக்கு எண்ணெய். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கிளம்பினால் தொப்பூர் கணவாயை லாரிகள் அடைப்பதற்கு முன்பே ஏறிவிடலாம்.