நாஷ்வில்லில் ஒரு பெடல் ஸ்டீல் கிட்டாரைச் சுமந்த நாள்

அமெரிக்காவில் கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில்லுக்குப் போகிறவர்கள் ரைமன் அரங்கத்தையும் பிராட்வே தெருவின் ஆரவாரத்தையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார்கள். எனக்கு அங்கே வேறு வேலை இருந்தது. பெடல் ஸ்டீல் கிட்டாரின் நாதத்துக்கு நான் பல வருஷமாக அடிமை. அதை வாசிக்கிற ஒருவரோடு ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நாஷ்வில்லுக்குத் தெற்கே பிராங்க்ளினில் இருக்கிற என் மைத்துனனுக்குப் பக்கத்து வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தார். எழுபதை நெருங்குகிற வயது. இளமையில் பெரிய பாடகர்களோடு ஊர் ஊராகப் போனவர், இப்போது பிராட்வேயில் பகல் நேரத்தில் வாசிக்கிறார். மைத்துனன் கேட்டதற்கு, "தாராளமா வரட்டும். தூக்குறதுக்கு ஒரு கை கொடுக்கணும், அவ்வளவுதான்" என்றாராம்.

இந்த வாத்தியத்தைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. இது தோளில் மாட்டுகிற கிட்டார் இல்லை. நான்கு கால்களில் மேஜை மாதிரி நிற்கும். மேலே பத்துக் கம்பிகள் படுத்த வாக்கில் ஓடும். இடது கையில் ஓர் எஃகு உருளையை வைத்துக் கம்பிகளின் மேல் நகர்த்துவார்கள். வலது கை மீட்டும். இடது கால் பெடல்களை மிதிக்கும், வலது கால் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும், இரண்டு முழங்கால்களும் பக்கவாட்டு லீவர்களைத் தள்ளும். கன்ட்ரி பாட்டில் வரிகளுக்கு இடையே ஒரு ஸ்வரம் நீண்டு, வழுக்கி, இன்னொன்றில் போய் உட்காருமே, அது இதிலிருந்து வருவதுதான்.

காலை எட்டரைக்கு அவர் வீட்டு வாசலில் நின்றேன். எழுபதுகளில் வட கரோலினாவின் பர்லிங்டனில் செய்த எம்மன்ஸ் கிட்டார், இரட்டைக் கழுத்து, அதாவது பத்துக் கம்பி வரிசை இரண்டு. கேஸோடு சேர்த்து எழுபது பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது 32 கிலோ. "அத்தான், முதுகை வளைக்காதீங்க, முட்டியை மடக்கித் தூக்குங்க" என்று மைத்துனன் பின்னாலிருந்து சொன்னான். தூக்கினேன். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறியிருக்கிறேன். அந்தச் சுமை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இது ஒட்டாது. நீளமான பெட்டி, நடுவில் ஒரே ஒரு கைப்பிடி. உடம்பை எதிர்ப்பக்கம் சாய்த்துத்தான் நடக்க முடியும். ஒவ்வோர் அடிக்கும் பெட்டியின் விளிம்பு முட்டிக்குக் கீழே வந்து இடிக்கும்.

அதோடு முடியவில்லை. ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் தனி. ஃபெண்டர் ட்வின் ரிவர்ப், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், 64 பவுண்டு, 29 கிலோ. உட்காரும் ஆசனம் தனி. அதன் வயிற்றுக்குள்தான் ஒயர்கள், மீட்டுவதற்கு விரலில் மாட்டும் முள்கள், உருளை, மாற்றுக் கம்பிகள். வால்யூம் பெடல் தனி. எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆளின் எடை. இதைத்தான் அவர் இத்தனை வருஷமாக வாரத்துக்குப் பல தடவை வண்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார். வண்டி வாங்குவதற்கு முன்னால் பின்கதவின் உயரத்தை அளந்து பார்த்துத்தான் வாங்குவாராம். இடுப்புக்கு மேலே தூக்க வேண்டியிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

பிராட்வே மதுக்கடைகளில் இசைக்குழுக்கள் நான்கு மணி நேர முறையில் மாறிக்கொண்டே இருக்கும். காலை பத்திலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஆறு என்று நள்ளிரவு தாண்டியும் போகும். எங்களுக்குக் காலைமுறை. முன்வாசல் பக்கம் வண்டியை நிறுத்தவே முடியாது. ரைமன் அரங்கத்துக்கும் பிராட்வே கடைகளின் பின்புறத்துக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது. 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஆப்ரி என்கிற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி ரைமனில் நடந்தபோது, வாத்தியக்காரர்கள் மேடையிலிருந்து இறங்கி அந்தச் சந்தைக் கடந்துதான் எதிரே கடைக்குள் நுழைவார்கள். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் அந்த இடத்தில் நாங்கள் கேஸை இறக்கினோம். வண்டியை வெகுநேரம் விட முடியாது என்பதால், எல்லாவற்றையும் பின்கதவுக்குள் தள்ளிவிட்டு அவர் வண்டியை நிறுத்தப் போனார். நான் ஆம்போடு காவல்.

அவர் திரும்பி வந்து கிட்டாரை நிறுத்தியதை அணு அணுவாகப் பார்த்தேன். கேஸைத் திறந்தால் கிட்டார் கவிழ்ந்து கிடக்கிறது. எல்லா இயந்திரமும் அடிவயிற்றில் இருப்பதால் அப்படித்தான் வைப்பார்கள். கம்பிகளை இழுக்கிற தண்டுகள், அவற்றைத் திருப்புகிற சிறு நெம்புகோல்கள், குறுக்கே ஓடும் உருண்டைக் கம்பிகள், எண்ணெய் வாசனை. நான்கு குரோமியக் கால்களையும் மேல்நோக்கித் திருகினார். முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே பெடல் வரிசையைப் பொருத்தினார். பிறகு ஒவ்வொரு பெடலுக்கும் ஓர் இணைப்புக் கம்பியைக் கொக்கி மாட்டினார். இந்தப் பெடல் கம்பிகள் ஒரே நீளம் இல்லை, இடம் மாறினால் மிதி சரியாக வராது. அதற்காக ஒவ்வொன்றிலும் வர்ணம் தீட்டி வைத்திருந்தார். கடைசியாக இரண்டு பக்கமும் பிடித்து ஒரே வீச்சில் புரட்டி நிறுத்தினார். கடைக்குள் அதற்கு இடமே இல்லை. நாற்காலிகளை ஒதுக்கி, மேடைக்குப் பக்கத்தில் நிமிர்த்தி, பிறகு இரண்டு பேராகத் தூக்கி மேடையில் வைத்தோம். கிட்டார்காரர் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தோளில் பையோடு வந்து ஒயரைச் சொருகிக்கொண்டார். இவர் முக்கால் மணி நேரத்துக்கு முன்பே வந்தாக வேண்டும்.

இவ்வளவு எடை எதற்கு என்று இடைவேளையில் கேட்டேன். வாயால் விளக்குவதற்குப் பதில் சுருதிமானியை இணைத்தார். ஒரு கம்பியை மீட்டினார், முள் நடுவில் நின்றது. அந்தக் கம்பிக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பெடல்களை மிதித்துக்கொண்டு மறுபடி அதையே மீட்டினார். முள் ஒரு மயிரிழை கீழே இறங்கியது. பத்துக் கம்பிகளும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேலான விசையில் அந்த மரத்தை ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. பெடலை மிதிக்கும்போது இழுப்பு இன்னும் கூடுகிறது, மரம் கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது, தொடாத கம்பியின் சுருதியும் தாழ்கிறது. கெட்டியான மேப்பிள் மரம், உலோக முனைத்தகடுகள், அலுமினியக் கழுத்து எல்லாம் அந்த வளைவைக் குறைக்கத்தான். மரத்தை இளைத்தால் சுமை குறையும், சுருதி அலையும். அந்த முள்ளைப் பார்த்த பிறகு எனக்கு அந்த 32 கிலோவின் மேல் புகாரே இல்லாமல் போயிற்று.

இடது கையில் பிடிக்கும் உருளையையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பளபளவென்று, ஒரு முனை குண்டு மாதிரி வளைந்து, உள்ளங்கையில் கனமாக உட்கார்ந்தது. ஏறத்தாழ அரை பவுண்டு. இதிலும் எடை வேண்டும் என்கிறார். கனமான உருளை தன் பாரத்தாலேயே கம்பிகளில் பதிந்து நிற்கும், கை அழுத்தத் தேவையில்லை, விரல்கள் நடுக்கத்துக்கும் வழுக்கலுக்கும் மட்டும் இருந்தால் போதும். நம் கோட்டுவாத்தியத்திலும் கட்டையை நகர்த்தித்தானே கமகம் வருகிறது. அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த வழுக்கல் அந்நியமாகவே படாது. ஆனால் கோட்டுவாத்தியத்தில் கட்டை போகிற இடத்துக்குத்தான் ஸ்வரம் போகும். இங்கே உருளை அசையாமல் நிற்க, ஒரு கம்பி மட்டும் பெடலால் மேலேறிப் பக்கத்துக் கம்பியோடு புதிதாகச் சேரும்.

அந்தச் சத்தத்துக்குப் பிறந்த வருஷம் ஒன்று இருக்கிறது. 1954-இல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டு வெளிவந்தது. அதில் ஸ்டீல் கிட்டார் வாசித்த பட் ஐசக்ஸ் பெடலை மிதித்தபடியே கம்பியை மீட்டினார். ஸ்வரம் காதுக்கு முன்னாலேயே வளைந்தது. அதுவரை பெடல் என்றால் ஒரு சுருதியமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கான வசதி. அந்தப் பாட்டுக்குப் பிறகு வாசிப்பவர்கள் எல்லாருக்கும் பெடல் வேண்டியிருந்தது. மடியில் வைத்து வாசித்து, ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஹவாய் வழி வந்த சிறு வாத்தியம் இப்படித்தான் கால்களும் இயந்திரமுமாகக் கனத்தது.

சரி, கழுத்து ஏன் இரண்டு? ஈ9 என்கிற சுருதியமைப்பு கன்ட்ரிக்கு, சி6 ஸ்விங்குக்கும் ஜாஸுக்கும். அன்று நான்கு மணி நேரத்தில் அவர் சி6 கழுத்தைத் தொட்டது ஒரே ஒரு பாட்டுக்கு. அந்த ஒரு பாட்டுக்காக இன்னொரு பத்துக் கம்பி, இன்னும் சில பெடல், அவற்றின் கீழிருக்கும் இரும்பு எல்லாம் ஊர் ஊராகக் கூடவே வருகிறது. முதுகு வலி வந்தவர்கள் ஒற்றைக் கழுத்துக்கு மாறிவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கி 12 கம்பி வைத்த யூனிவர்சல் கிட்டாரும் உண்டு. இப்போது கார்பன் இழையில் செய்த உடலும், லேசான காந்தம் வைத்த ஸ்பீக்கரும், கைப்பையில் அடங்குகிற ஆம்பும் வந்துவிட்டன. ஆம்ப் விஷயத்தில் நான் முழுக்க லேசானதன் பக்கம். அந்த ட்வினைத் தூக்கிய பிறகு வேறு மாதிரி பேச எனக்கு மனசில்லை. கிட்டார் விஷயத்தில் அவர் கட்சி. அந்தப் பழைய எம்மன்ஸில் மேல்ஸ்தாயி ஒரு ஸ்வரம் அப்படியே நின்று மெல்லத் தேய்ந்ததை மூன்றடி தூரத்தில் கேட்டேன். அதற்காக 32 கிலோ சுமக்கலாம்.

விமானப் பயணம்தான் பெரிய பாடு. அமெரிக்க விமானங்களில் சாதாரணப் பெட்டிக்கு 50 பவுண்டு வரைதான். அதற்கு மேலே போனால் கூடுதல் கட்டணம், 70-ஐத் தாண்டினால் இன்னும் அதிகம், சில இடங்களில் வாங்கவே மாட்டார்கள். ஆகையால் கால்கள், பெடல் வரிசை, பெடல் கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றி வேறு பெட்டியில் துணிகளோடு வைத்து, கிட்டாரின் உடலை மட்டும் தனியாக அனுப்புவார்களாம். ஒருமுறை உடல் ஓர் ஊருக்கும் கால்கள் வேறோர் ஊருக்கும் போய்விட, அன்று இரவு அவர் கிட்டாரை இரண்டு பீர்ப் பெட்டிகளின் மேல் வைத்துப் பெடல் இல்லாமலே வாசித்தாராம். அதன்பிறகு முடிந்தவரை காரில்தான் போகிறார், பன்னிரண்டு மணி நேரப் பயணமானாலும்.

இரண்டு மணிக்கு முறை முடிந்தது. அடுத்த குழு மேடையோரம் காத்து நின்றது. கிட்டாரை அப்படியே தூக்கிப் பின்பக்கம் கொண்டுபோய், கவிழ்த்து, கால்களைக் கழற்றினோம். பெடல் கம்பிகளை வர்ணம் பார்த்து எடுத்து உறையில் போடும் வேலையை என்னிடம் விட்டார்.

புறப்படும் முன் 416 பிராட்வேக்கு அழைத்துப் போனார். இன்றைக்கு அது ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட். ஒரு காலத்தில் ஷோ-பட் ஸ்டீல் கிட்டார் நிறுவனம் அங்கேதான் இருந்தது. ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் ஐம்பதுகளில் தொடங்கியது. பிறகு எம்மன்ஸ் பிரிந்து போய்த் தன் பெயரிலேயே கிட்டார் செய்தார்; நான் காலையிலிருந்து சுமந்தது அந்த வழியில் வந்த ஒன்று. இந்த வாசலுக்கு வந்துதான் இளம் வயதில் கிட்டார்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பேன் என்றார் அவர்.

நாஷ்வில் போகிறவர்களுக்கு என் யோசனை: இரவுக் கூட்டத்தை விட்டுவிட்டு, காலைமுறைக்குப் போங்கள். பகலில் பெரும்பாலான கடைகளில் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஸ்டீல் கிட்டார் இருக்கிற பக்கமாக, வாசிப்பவரின் முழங்கால்கள் தெரிகிற மாதிரி இடம் பிடியுங்கள். கைகளை எல்லாரும் பார்ப்பார்கள், பாதி வாசிப்பு மேஜைக்குக் கீழேதான் நடக்கிறது. வாத்தியக்காரர்களின் வருமானத்தில் பெரிய பங்கு மேடைக்கு முன்னால் இருக்கிற அந்த ஜாடியிலிருந்துதான் வருகிறது. பத்து டாலரோ இருபதோ, தாளாகக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.