முதலில் கூரையில் கை

மே 17, 2025, சனி. சுங்கை சிப்புட், மலேசியா

அக்கா மகன் லீவில் வந்திருக்கிறான். ராணுவத்தில் லோரி ஓட்டுகிறான். போன மாதம் பயிற்சியில் அவன் வண்டி மண்சரிவில் புரண்டது. யாருக்கும் பெரிய அடியில்லை. ஆனால் பையன் தூங்குவதில்லை. நானும் அதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அந்த முழிப்பு எனக்குத் தெரியும். டிவியில் தெலுக் இந்தான் செய்தி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டான். சித்ரா பௌர்ணமி ஊர்வலத்துக்குக் காவல் நின்று திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர், 13ஆம் தேதி காலை அவர்கள் லோரியும் கல் லோரியும் மோதி இறந்துபோனார்கள். நம் திருவிழாவுக்காக வந்தவர்கள். எனக்கும் சோறு இறங்கவில்லை.

மே 18, ஞாயிறு

சாலையோர ஒட்டுக்கடையில் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "தலைகீழாத் தொங்கினப்ப என்ன செய்யிறதுன்னே தெரியல மாமா" என்றான்.

அமெரிக்க ராணுவத்தில் இதற்கென்றே பயிற்சி உண்டு. ஈராக்கில் ஹம்வீ என்ற அவர்களுடைய ராணுவ ஜீப்புக்குக் கூடுதல் கவசம் பூட்டியதும் வண்டி கனத்து, சுலபமாகப் புரண்டது. கால்வாயில் கவிழ்ந்து வெளியேற முடியாமல் இறந்தவர்களும் உண்டு. அப்புறம் 'ஹீட்' என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். ஹம்வீயின் கூண்டை ஒரு சட்டத்தில் பொருத்தி, பெல்ட் போட்ட ஆட்களோடு சுழற்றுவார்கள். முதலில் 25 டிகிரி சாய்த்து நிறுத்துவது, ஆபத்து எங்கே தொடங்குகிறது என்று உடம்புக்குத் தெரிவதற்காக. பிறகு முழுக்கத் தலைகீழ். "ரோலோவர்" (வண்டி புரளுது) என்று மூன்று முறை கத்த வேண்டும். மேலே துப்பாக்கியோடு நிற்பவனை உள்ளே இழுக்க வேண்டும். வண்டி நின்றதும் ஒரு கையைக் கூரையில் ஊன்றி, மறு கையால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஊன்றாமல் கழற்றினால் கழுத்து மடங்க விழுவோம்.

"நான் நேரா பெல்ட்டைத்தான் தேடினேன்" என்றான். பழகாத வேலையைப் பயத்தில் எந்தக் கையும் செய்யாது, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

2010 முதல் 2019 வரை அமெரிக்கத் தரைப்படையிலும் மரீன் படையிலும் போர் அல்லாத வாகன விபத்துகள் 3,753, இறந்தவர்கள் 123 என்று அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகம் 2021இல் சொன்னது. எதிரியே இல்லாத இடத்தில் இத்தனை பேர்!

மே 20, செவ்வாய்

மழை. கூட்டாளிகள் சம்சு சாராயம் குடிக்கக் கூப்பிட்டார்கள், அவன் போகவில்லை. தூக்கத்துக்கென்று குடிக்கத் தொடங்கி அழிந்தவர்களை இந்தத் தோட்டத்தில் நிறையப் பார்த்துவிட்டேன்.

மே 22, வியாழன்

தோட்டத்துப் பழைய லோரியில் அவனை ஏற்றி, துண்டால் கண்ணைக் கட்டினேன். கூரை, பெல்ட், கதவுப்பிடி. திரும்பத் திரும்பக் கை அந்த வரிசையில் போகும்வரை விடவில்லை. நடுவில் மூச்சு வாங்கியது. நாலு எண்ணி இழு, நாலு எண்ணி நிறுத்து, நாலு எண்ணி விடு, மறுபடி நாலு எண்ணி நிறுத்து என்றேன். மூச்சு நிதானமானால் நெஞ்சுப் படபடப்பும் இறங்கும். செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் பையன்கள் வேடிக்கை பார்க்க வந்து, தாங்களும் ஏறி உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு இவனே சொல்லிக் கொடுத்தான்.

மே 24, சனி

இன்று கிளம்பினான். கேம்ப் டாக்டரிடம் தூக்கம் வராததைச் சொல்வதாக ஒப்புக்கொண்டான். "பைத்தியம்னு எழுதிட மாட்டாங்களா?" என்று அக்கா அழுதாள். காலில் கட்டி வந்தால் காட்ட மாட்டாயா என்று கேட்டேன். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555ஐ அவன் போனில் பதிந்து வைத்திருக்கிறேன்.

தோட்டத்து டிராக்டர்களில் பாதுகாப்புக் கூண்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. அந்த மேட்டுச் சரிவில்தான் தினமும் குலை ஏற்றுகிறார்கள். திங்கட்கிழமை மேனேஜரைப் பார்க்கப் போகிறேன்.